இரண்டாம் டிவிஷன் சுவரில் மூன்று வரிசை

1

"மாப்ள, இருவத்திரண்டு வருஷத்துல நீ அங்க போயி கிழிச்சதுன்னு ஒண்ணு இருக்குதுன்னா அது அந்தச் செவுருதான். எழுதி அனுப்பு, நம்ம செட்டுப் பசங்க படிக்கட்டும்."

போன வாரம் போனில் இப்படிச் சொன்னவன் மங்கலம்பேட்டை ரசாக். விருத்தாசலத்தில் என்னோடு செராமிக் படித்தவன். படித்து முடித்து இரண்டு பேரும் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் ஆறு வருஷம் மண்ணில் புரண்டோம். பிறகு அவன் துபாய் போய், திரும்பி வந்து, இன்று சொந்தமாகச் சூளை வைத்திருக்கிறான். நான் ஸ்ரீமுஷ்ணத்து நர்ஸ் சுகந்தியைக் கல்யாணம் செய்துகொண்டு, அவள் வேலை விசாவில் கூடவே இங்கிலாந்து வந்து, பஸ் ஓட்டுகிறேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. நன்றாகவே ஓட்டுகிறேன்.

ரசாக் சொன்ன சுவர் இருப்பது மேற்கு யார்க்‌ஷயரில் நாங்கள் குடியிருக்கும் சிறு டவுனில், ரக்பி லீக் மைதானத்து வாசலில். ஆறு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரம். அதில் பதித்த டைல்ஸ் ஒவ்வொன்றும் நான் அச்சில் அழுத்தி, எழுத்துக் குத்தி, சுட்டது. போன மாதம் கிளப்பின் ஆண்டு விழாவன்று அதைத் திறந்து வைத்தார்கள். அந்தச் சுவரில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. ஊரறிய ஒப்புக்கொண்ட தப்பு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஆட்டத்தைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் சுவர் எதற்கு என்று யாருக்கும் விளங்காது.

2

ரக்பி லீக் என்றால் நம் ஆட்களுக்கு இப்படிச் சொல்வேன்: பந்தோடு ஆடும் சடுகுடு. ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தை வைத்திருப்பவனை எதிராளிகள் அமுக்கிப் பிடிப்பார்கள். விழுந்தவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளி மறுபடி தொடங்க வேண்டும். ஆறு முறை பிடிபட்டால் பந்து அடுத்த கட்சிக்கு. கையால் முன்னால் தூக்கிப் போடக்கூடாது, பின்னால் வருகிறவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். மணிமுத்தாற்று மணலில் சடுகுடு ஆடி முட்டியைப் பேர்த்துக்கொண்ட எனக்கு இது ஒரே நாளில் புரிந்துவிட்டது. டிப்போவில் கூட வேலை செய்கிறவர்கள் கிரிக்கெட், கால்பந்து என்று அலைவார்கள். நான் சனி ஞாயிறு ஓய்வு கிடைத்தால் நேராக இங்கேதான்.

இந்த ஆட்டத்தின் பிறப்பே ஒரு கூலித் தகராறு. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வடக்கே மில்லிலும் சுரங்கத்திலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை ஷிப்டை விட்டுவிட்டு ரக்பி ஆட வந்தார்கள். அந்தக் கூலியைக் கிளப் ஈடுகட்ட வேண்டும் என்று கேட்டார்கள். விளையாட்டுக்குக் காசா, சீச்சீ என்றார்கள் ஆட்டத்தை நடத்திய பெரிய மனிதர்கள். அவர்களுக்கென்ன, அப்பன் வீட்டுச் சோறு. வடக்கத்திக் கிளப்காரர்கள் ஒரு ஹோட்டலில் கூடி, நீங்களும் ஆச்சு உங்கள் ஆட்டமும் ஆச்சு என்று தனியாகப் பிரிந்து வந்துவிட்டார்கள். அப்படிப் பிரிந்ததுதான் லீக். எனக்கு இந்த ஆட்டம் பிடித்துப்போக இந்தக் கதை ஒன்றே போதும்.

பிரிந்த சில வருஷத்தில் கிளப்புகள் பெருகின. முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன் என்று வகுத்தார்கள். இரண்டாவதில் கிடந்த கிளப்புகளுக்குக் கூட்டம் வரவில்லை. அழுது புலம்பி, மூன்றே வருஷத்தில் அந்த ஏற்பாட்டைக் கலைக்க வைத்தார்கள். ரொம்ப காலம் கழித்து மறுபடி வகுத்தார்கள், மறுபடி கலைத்தார்கள். மூன்றாவது முறைதான் நிலைத்தது. மேலேயிருந்து விழுந்தவன் வந்து நிற்கும் இடம், கீழேயிருந்து ஏறுகிறவன் மூச்சு வாங்கும் இடம், எங்கள் கிளப் மாதிரி ஏறாமல் இறங்காமல் குடியிருக்கிறவனுக்கும் அதுவே இடம். ஒரு ஜங்ஷன் என்று வையுங்கள். விருத்தாசலம் ஜங்ஷனில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதிலென்ன குறை? சிதம்பரத்துக்குப் பேர் இருக்கிறது, நெய்வேலிக்குக் கரண்டு இருக்கிறது. எங்கள் ஊர் காசிக்கு ஒரு வீசம் கூட என்பார்கள், ஆனாலும் ரயில் மாறத்தான் ஜனங்கள் இறங்குவார்கள். இறங்கினால் என்ன, டீ நம் கடையில்தானே குடிக்கிறார்கள்.

சுரங்கத்தை மூடினார்கள், கிளப் மூடவில்லை. மில் இடிந்தது, மைதானம் நின்றது. எல்லாக் கிளப்புக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. சிலது மைதானத்தை விற்றுவிட்டு ஊரூராக வாடகைக்கு ஆடியது, சிலது பேரை மாற்றிக்கொண்டது, சிலது செத்தே போயிற்று. குளிர்கால ஆட்டம் கோடைக்கு மாறியது. லண்டனிலிருந்து டீம் வந்தது, பிரான்சிலிருந்து வந்தது, கனடாவிலிருந்துகூட ஒன்று கடல் தாண்டி வந்து இரண்டாம் டிவிஷன் ஆடியது. முன்பெல்லாம் ஜெயித்தவன் மேலே போனான். நடுவில் சில வருஷம், ஜெயித்தால் போதாது, லைசென்ஸ் வேண்டும் என்றார்கள். இப்போது மார்க் போடுகிறார்கள். மைதானத்துக்கு இவ்வளவு, வருகிற கூட்டத்துக்கு இவ்வளவு என்று விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டும். பாரம் நிரப்புவதில் எனக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம் இருக்கிறது, எங்கள் கிளப்புக்கு இல்லை. அதனால் இன்னும் இரண்டாம் டிவிஷனில்தான் இருக்கிறோம்.

3

பாரம் என்றதும் பேர் ஞாபகம் வருகிறது. என் பேர் கலியபெருமாள். அப்பா பேர் தணிகாசலம், விருத்தாசலத்தில் குடியிருந்து சேத்தியாத்தோப்புப் பக்கம் நெல் விவசாயம் பார்த்தவர். நம் ஊரில் த. கலியபெருமாள் என்று எழுதுவோம், தீர்ந்தது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பேர் என்ற கட்டத்தைக் கண்டு, அப்பா பேரை அதில் போட்டேன். வந்தது வினை. ஆஸ்பத்திரியில், பேங்கில், டிப்போவில் எல்லாரும் என்னை மிஸ்டர் தணிகாசலம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்பா பேரை வாய்விட்டுச் சொல்லவே மாட்டோம். இங்கே ஒரு நாடே அவர் பேரைச் சொல்லி என்னை அதட்டியது. முதல் வருஷம் ஒவ்வொரு முறையும் அப்பா பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்ப்பேன். அதே கணக்கில் என் மகள் யாழினியின் குடும்பப் பேர் கலியபெருமாள் ஆயிற்று.

என் பஸ்ஸில் தினம் ஏறும் டெரெக் அந்தத் தணிகாசலத்தையும் சுருக்கி என்னைத் தானி ஆக்கிவிட்டார். டெரெக்தான் கிளப் செயலாளர். எழுபது தாண்டியவர், ரிடையரான டைல்ஸ் மேஸ்திரி, வாலிபத்தில் கிளப்புக்கு ஆடியவர். அவர் பேசுவது அசல் யார்க்‌ஷயர் இங்கிலீஷ். இங்கே அதை நம் ஊர்ப் பேச்சாகவே எழுதுகிறேன், தொனி அப்படித்தான் இருக்கும்.

இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிளப்பின் முதல் ஆட்டத்தில் இறங்கியவர்களுக்கு ஒன்றிலிருந்து எண் கொடுப்பார்கள். அதன்பின் யார் முதல்முறை கிளப்புக்காக இறங்குகிறாரோ அவருக்கு அடுத்த எண். ஒரே ஒரு ஆட்டம் ஆடியிருந்தாலும் அந்த எண் அவருடையதுதான். செத்தாலும் அடுத்தவனுக்குப் போகாது. டெரெக்கின் எண் 811. மனைவி பிறந்தநாளை மறப்பார், அதை மறக்க மாட்டார். எங்கள் கிளப்பில் அப்படி ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு ஆண்கள்.

"அத்தனை பேரையும் வாசல் செவுத்துல எழுதிப் போடலாம்னு கமிட்டி சொல்லுது. தகரத்துல போட்டா துருப்புடிக்கும், மரத்துல போட்டா ஊறிடும்" என்று ஒருநாள் பஸ்ஸில் புலம்பினார்.

"பீங்கான்ல போடுங்க. நூறு வருஷம் அப்படியே இருக்கும். நான் சுட்டுத் தரேன்" என்றேன்.

"நீ பஸ்ஸு ஓட்றவன்யா."

"நான் செராமிக் படிச்சவன். விருத்தாசலம் போய் கேட்டுப் பாருங்க."

வாய்தான் எனக்கு எப்போதும் முன்னால் போகும். அந்த ஸ்டாப் வருவதற்குள் வேலை என் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. சத்தியமாக, விசா கிடைத்த அன்றுகூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

4

யாழினி இரண்டு வயதில் இங்கே வந்தாள். இப்போது இருபத்து நாலு, பிசியோதெரபி வேலை. தமிழ் பேசுவாள், வாக்கியம் முடிவதற்குள் இங்கிலீஷில் இறங்கிவிடுவாள். பதினெட்டு வயதில் கிளப்பில் பெண்கள் டீம் தொடங்கியதும் எங்களிடம் கேட்காமலே சேர்ந்துவிட்டாள். நான் தாம்தூம் என்று குதித்தேன். முதல் வருஷமே காரை எலும்பை உடைத்துக்கொண்டு வந்தாள். ஊரிலிருந்து என் அக்கா போனில், "பொம்பளப் புள்ளைய ஏன்டா இப்படி வுடற, நாளைக்கி எவன் கட்டுவான்?" என்றாள். அதைச் சொல்லி நான் கத்த, சுகந்தி ஒரே வார்த்தையில் அடக்கினாள். "நீங்க சடுகுடு ஆடி முட்டி பேந்து கெடந்தீங்களே, ஒங்கள நான் கட்டலியா?"

கட்டு பிரித்ததும் மறுபடி ஆடப் போனாள். சரி, என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று போய் நின்றேன். மழை, சேறு, ஒரு நூறு பேர் இருந்தால் அதிகம். ஓரத்தில் பந்தை வாங்கினாள். தன்னைவிட ஒன்றரை மடங்கு இருந்த ஒருத்தி பாய்ந்து வர, இடுப்பை மட்டும் ஒடித்து ஒரு நழுவல். அடடா! அது மணிமுத்தாற்று நழுவல். யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. மணிமுத்தாற்றில் போட்ட பொன்னை வேறொரு ஊர்க் குளத்தில் எடுத்த நாயனார் கதை எங்கள் ஊர்க் கதைதானே, அன்றைக்குத்தான் அதை நம்பினேன். அதற்குப்பின் ஒரு ஆட்டம் விட்டதில்லை.

பெண்களுக்கும் தனி எண் வரிசை உண்டு. ஆறு வருஷத்தில் நாற்பத்து மூன்று பேர். யாழினி 14.

சுவருக்காகக் கமிட்டி கூடியபோது டைல்ஸ் செய்கிறவன் என்று என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். டீயும் பிஸ்கட்டும் வைத்து மரியாதை. மேலிருந்து கீழாக அறுபது வரிசை, வரிசைக்கு இருபது டைல் என்று ஆயிரத்து இருநூறு இடம். ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு போக மிச்சம் நாற்பத்தெட்டு இடம், இனி வரப்போகும் ஆண்களுக்கு. பெண்கள் டீம் சார்பாக யாழினி வந்திருந்தாள். எழுந்து கேட்டாள்: "எங்க நாப்பத்து மூணு பேரு எங்க?"

இது முதல் அணி வரலாறு, பெண்களுக்குப் பிறகு ஒருநாள் வேறு ஏதாவது செய்வோம் என்றார் தலைவர்.

"இன்னும் பொறக்காத பசங்களுக்கு எடம் இருக்குது, ஆடிக்கிட்டு இருக்கற எங்களுக்கு இல்லியா?"

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு பார்வைதான். நான் டீயைப் பார்த்தேன்.

வந்த நாட்டில் வம்பு வேண்டாம், கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள், கெடுத்துக்கொள்ளக் கூடாது. இப்படி இருபத்திரண்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிச் சொல்லி அது நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் பயணிகளோடு வாயடிப்பவன், அந்த மேஜையில் ஊமையானேன். யாழினி அன்று தன் ப்ளாட்டுக்குப் போனவள், அதன்பின் என் போனை எடுக்கவில்லை. அம்மாவோடு மட்டும் பேசினாள். சுகந்தி என்னைத் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

5

இனி என் தப்பு.

மண்ணை ஈரத்தில் வடித்தால் காய்ந்து கொஞ்சம் சுருங்கும், சூளையில் வெந்து இன்னும் சுருங்கும். அந்தச் சுருக்கத்தைக் கணக்குப் பண்ணி அச்சைப் பெரிதாக வெட்ட வேண்டும். எவ்வளவு சுருங்கும் என்பது மண்ணுக்கு மண் வேறு. எங்கள் கம்பெனியில் நெய்வேலி மண் கலந்து பியூஸ் கட்டை செய்வோம். கீழ்க்கட்டைக்குள் மேல்கட்டை கச்சிதமாக உட்கார வேண்டும். ஒருமுறை வேறு லோடு மண் வந்ததை நானும் ரசாக்கும் கவனிக்காமல் பழைய அச்சிலேயே ஏற்றிவிட்டோம். ஒரு சூளைச் சரக்கும் ஒன்றுக்குள் ஒன்று நுழையவில்லை. அவ்வளவும் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஓட்டைப் பீங்கான் மேட்டில் போய் விழுந்தது. அன்றைக்கு முதலாளி எங்களைச் சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது. அதன்பின் எங்களுக்கு ஒரே சட்டம்: புது மண் வந்தால் டெஸ்ட் பீஸ் போடாமல் எதையும் செய்யாதே.

இங்கே பக்கத்து ஊர் காலேஜில் மின்சாரச் சூளை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் பெண் முதல் நாளே சொன்னாள், ஒரு டெஸ்ட் டைல் சுட்டுப் பாருங்கள் என்று. சின்னப் பெண். எனக்கே சொல்கிறாளா என்று இருந்தது. "ஐ ஆம் ஃப்ரம் விருத்தாசலம்" என்றேன். அவளுக்கு அது ஊரா பட்டமா என்று விளங்கவில்லை. சூளைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இருபது வருஷம் கழித்து மண் கையில் வந்த மிதப்பு. சட்டத்தை மறந்தேன். கை தன் பழைய கணக்கையே போட்டது: பன்னிரண்டுக்கு ஒன்று சுருங்கும். பத்து சென்டிமீட்டர் அகலம், ஐந்து சென்டிமீட்டர் உயரமுள்ள டைலுக்கு அதற்குத் தக்க அச்சு வெட்டினேன். நாலு மாதம், லீவு நாள் எல்லாம் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் உட்கார்ந்து, எண், முதலெழுத்து, குடும்பப் பேர் என்று குத்தினேன். சுட்டு வந்ததைப் பார்த்தால் பால் வெள்ளை, எழுத்து நீலம், தட்டினால் டிங் என்று சத்தம். அழகில் மயங்கியவன் ஒரு ஸ்கேலை எடுத்து ஒரு டைலை அளந்திருக்கலாம். அளக்கவில்லை.

ஒரு ஞாயிறு காலை நானும் டெரெக்கும் கிளப் ஹால் தரையில் ஆறு மீட்டருக்குச் சாக்பீஸ் கோடு போட்டு, டைல்ஸைப் பரப்பினோம். அறுபது முடிந்தது. கோடு முடியவில்லை. முப்பது சென்டிமீட்டர் தரை பல்லிளித்தது. அந்த மண் பன்னிரண்டுக்கு ஒன்று இல்லை, எட்டுக்கு ஒன்று சுருங்கும் மண். பத்து இருக்க வேண்டியது ஒன்பதரை.

மறுபடி செய்ய நாள் இல்லை, விழாவுக்கு ஐந்து வாரம்தான்.

டெரெக் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். "ஏன்யா மூஞ்ச தொங்கப் போடற? டைலுக்கும் டைலுக்கும் நடுவுல ஜாயிண்ட்ட அஞ்சு மில்லி அகலமா வெச்சு பரத்திட்டா போச்சு. கீழ வர்ற மிச்சத்த சிமெண்டு பட்டையில மறைச்சுடலாம். ஒன்னையும் என்னையும் தவிர எவனுக்கும் தெரியாது."

உயிர் வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

6

வீட்டுக்கு வந்து ரசாக்குக்குப் போன் போட்டேன். இந்த மாதிரிச் சங்கதியைச் சொல்ல வேறு யார்?

"டெஸ்ட் பீஸு போடாமயா ஏத்துன?" என்றவன் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது வலித்தது. "பியூஸ் கட்டை மேட்ட பாத்தும் புத்தி வர்ல பாரு."

"அதான் சரியாப் போச்சே. ஜாயிண்ட்டுல மறைச்சுடறாரு."

"மறைக்கிறியா? நம்ம தொழில்ல தப்பு பண்ணுனா மேட்டுல கொட்டுவோம், ஊரே பாக்கும். எப்ப மாப்ள நாம மறைச்சோம்?" என்றான். பிறகு, "அந்த மிச்ச எடம் எவ்ளோ இருக்குது?" என்று கேட்டான்.

"ஒரு முழத்துக்குள்ளதான்" என்று எரிச்சலோடு வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை பஸ் ஓட்டும்போது அந்த ஒரு முழம் மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. முப்பது சென்டிமீட்டர். டைல் ஒன்பதரை. மூன்று வரிசை நிற்கும். வரிசைக்கு இருபது. அறுபது. மைதானம் இருக்கும் ஸ்டாப்பில் யாருமே கை காட்டவில்லை, நான் பாட்டுக்கு பஸ்ஸை நிறுத்திவிட்டேன். அறுபது இடம், நாற்பத்து மூன்று பெண்கள். அட மடையா!

சந்தோஷம் ஒரு நிமிஷம்தான். அந்த இடம் கிடைக்க வேண்டுமானால் ஜாயிண்ட்டை அகலம் வைக்கக் கூடாது. வைக்கக் கூடாது என்றால், அளவு தப்பியது கமிட்டிக்குத் தெரிய வேண்டும். விருத்தாசலம் விருத்தாசலம் என்று மார் தட்டியவன் போய் நின்று, எனக்குத் தொழில் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். மறைத்தால் என் மானம் பிழைக்கும். சொன்னால் யாழினி பேர் ஏற ஒரு வழி கிடைக்கும், அதுவும் அவர்கள் ஒத்துக்கொண்டால்தான். மூன்று நாள் இதையே சுமந்துகொண்டு பஸ் ஓட்டினேன். நான்காம் நாள் கமிட்டியைக் கூட்டச் சொல்லி டெரெக்கிடம் சொன்னேன். எதற்கென்று அவரிடமும் சொல்லவில்லை.

இங்கிலீஷை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு போனேன். எழுந்ததும் தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துவிட்டேன்.

"டைல்ஸ் எல்லாம் அரை சென்டிமீட்டர் சின்னது. தப்பு என்னுடையது. சோதனை போட்டுப் பார்க்கச் சொன்னாங்க, நான் திமிரா போடாம விட்டேன்" என்றேன். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். டெரெக் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"ஜாயிண்ட்டை அகலம் வெச்சு மறைக்கலாம். மறைச்சா என் தப்பு செவுரு பூரா பரவி நிக்கும். அகலமான ஜாயிண்ட்டுல மழைத் தண்ணி இறங்கும், பனிக்காலத்துல உறையும், டைல்ஸ நெட்டித் தள்ளும். ஒட்டி ஒட்டி வெச்சா என் தப்பு ஒரு ஓரமா நிக்கும். அந்த ஓரத்துல அறுபது டைல் உட்காரும். நாற்பத்து மூணு பொண்ணுங்க இருக்காங்க. அதே மண்ணு, அதே அச்சு. நான் செஞ்சு தரேன்."

அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் வாய்தான் எனக்கு முன்னால் போகுமே, அன்றைக்கு ஒருமுறை நல்ல இடத்துக்குப் போனது.

"போன தடவை என் மகள் கேட்டப்ப நான் இதே நாற்காலியில உட்கார்ந்து டீ குடிச்சேன். அளவு தப்பினதுக்கு ஒரு தடவை வெட்கப்படறேன், அதுக்கு நூறு தடவை."

இது முதல் அணிச் சுவர் என்று தலைவர் பழைய பாட்டையே தொடங்கினார். டெரெக் குறுக்கே புகுந்தார். "ஜாயிண்ட் விஷயத்துல அவரு சொல்றது சரி. அந்த யோசனைய சொன்னது நான்தான். நாப்பது வருஷம் டைல்ஸ் ஒட்டினவன் சொல்லக் கூடாத யோசனை." பிறகு கையைத் தூக்கினார். "811, சம்மதம்." கமிட்டியில் பழைய ஆட்டக்காரர்கள் நாலு பேர். ஒவ்வொருவராகத் தங்கள் எண்ணைச் சொல்லிக் கையைத் தூக்கினார்கள். தலைவர் ஆடினவர் இல்லை. எண் இல்லாத மனிதர் என்ன செய்வார், அவரும் தூக்கினார்.

7

அடுத்த சனிக்கிழமை கார் ஷெட் கதவு திறந்தது. யாழினி. கையில் நாற்பத்து மூன்று பேர் பட்டியல். ஹலோ கூடச் சொல்லவில்லை, எதிரே உட்கார்ந்து ஒரு எழுத்துக் கட்டையை எடுத்தாள்.

"எவ்ளோ அழுத்தணும்?"

"ரொம்ப வேணாம். மாவுல வெரல் பதிஞ்சா எப்படியோ அப்படி."

மத்தியானம் சுகந்தி சாதமும் வத்தக்குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பனும் மவளும் அஞ்சு மாசம் என் வழியா பேசிக்கினீங்க. என் வேலை முடிஞ்சுதா?" என்றாள். யாழினி சிரித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மண் தூசி என்று சொல்லவெல்லாம் இல்லை, அழுகைதான்.

நாற்பத்திரண்டு டைலை இரண்டு பேரும் முடித்தோம். 14-ஐ மட்டும் நான் செய்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் போனபின் பட்டியலைப் பார்த்துக் குத்தினேன். முதலில் ஒய் என்று ஒரே எழுத்து, பிறகு கலியபெருமாள். இங்கிலீஷில் பதின்மூன்று எழுத்து, ஒரு டீமுக்கான ஆள் கணக்கு. நெருக்கி நெருக்கித்தான் கொள்ளவைக்க முடிந்தது. இங்கிலாந்துச் சுவரில் என் பேர்! கொஞ்ச நேரம் ரசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு ஈரத் துணியால் அழுத்தித் துடைத்து, வேறு அடித்தேன்.

விழாவன்று நல்ல வெயில். பழைய ஆட்டக்காரர்கள் பேரப்பிள்ளைகளோடு வந்து தங்கள் எண்ணைத் தேடித் தேடிப் படம் எடுத்தார்கள். டெரெக் 811 முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். வலது கோடியில் மூன்று வரிசை. பெண்கள் டீம் மொத்தமும் அங்கே கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. சுகந்தி இந்தியாவுக்கு வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தாள். "செவுத்துல பேரு எழுதுற அளவுக்கா ஆடுறா?" என்று என் அக்கா கேட்டது எனக்கே கேட்டது.

யாழினி தன் டைலுக்கு முன்னால் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தச் சுவரில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் டைல்ஸிலும் ஆடினவரின் பேர் ஒரு எழுத்து, குடும்பப் பேர் முழுசு. 14-ல் மட்டும் கே. யாழினி என்று இருந்தது.

"ப்பா, லிஸ்டுல ஒய். கலியபெருமாள்னுதான இருக்குது? இது தப்பு."

"தப்பு இல்ல. நம்மூர்ல இப்படித்தான் எழுதுவோம். ஆடுனது நீ, எலும்ப ஒடச்சுக்கினது நீ, எழுந்து கேட்டதும் நீ. உன் பேருதான் முழுசா இருக்கணும்."

அந்த முதல் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பதிமூணு எழுத்துப்பா நீங்க. ஒரே எழுத்தா சுருங்கிட்டீங்களே."

"சுட்டா சுருங்கத்தான்டி செய்யும்" என்றேன்.